நோன்பில் தோண்டிய தெரு

நானாவின் கடை கண்டி நகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. பன்னிரண்டு அடி முகப்பு, உள்ளே போகப் போக இருட்டு. சாரன், சட்டைத் துணி, பிள்ளைகளின் உடுப்பு, அபாயா, தொப்பி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். "பதினொரு மாசம் கடை தன்னத்தானே பாத்துக்கொள்ளும். ஒரு மாசம்தான் எங்களப் பாக்கும்" என்பார் நானா. அந்த ஒரு மாதம் நோன்பு மாதம். அதிலும் முதல் பத்தில் பெரிதாகச் சனம் வராது. பதினைந்தாம் நோன்பிலிருந்து பெருநாள் இரவு வரைக்கும் வருகிறவர்கள்தான் அந்த ஆண்டின் வாடகை, மகளின் டியூஷன் காசு, உம்மாவின் மருந்து எல்லாம்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில் விடுமுறை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் நான் அந்த மாதத்தில் கடைக்குப் போய் நிற்பேன். துணி விற்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை என்பது நானாவின் முடிவு. ஆகவே காசுப் பெட்டியடியில் என்னை இருத்திவிடுவார். கணக்குப் படிப்பிக்கிறவன் மிச்சக் காசையாவது பிழையில்லாமல் கொடுப்பான் என்ற நம்பிக்கை.

2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நோன்பு வந்தது. மூன்றாம் நோன்பன்று காலை கடைக்குப் போனபோது வீதியின் ஓரமாக வெள்ளைப் பெயின்ரால் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்கு ஒரு பெக்கோ இயந்திரம் வந்து அந்தக் கோட்டின் மேல் கொத்தத் தொடங்கிற்று. பழைய தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டுப் புதிய குழாய் போடப் போகிறார்களாம். ஒரு தாள்கூட எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. நான்கு நாட்களில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஏறத்தாழ நூற்றைம்பது மீற்றர் நீளத்துக்குக் குழி. தோண்டிய மண் முழுவதும் குழிக்கும் கடைகளுக்கும் இடையில் குவிந்து கிடந்தது. பிறகு பெக்கோ போய்விட்டது. குழாய் வரவில்லை.

கண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் போலக் கிடக்கிற நகரம் அது. மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பேராதனைப் பக்கம், தென்னக்கும்புரப் பக்கம் என்று உள்ளே வர விரல் விட்டு எண்ணக்கூடிய வாசல்கள்தான். வீதிகள் குதிரை வண்டிக்காலத்து அகலம். ஒரு குறுக்குத் தெருவில் பாதியை அடைத்தால் அதன் நெரிசல் அந்தத் தெருவோடு நிற்காது. பிரதான வீதிக்கு வழிந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி, கடைசியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் நிற்கிறவன் தலையில் வந்து விழும். எங்கள் தெருவில் ஒரு பக்கமாக வாகனங்கள் ஊர்ந்தபோது அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாளே பொலிஸார் வந்து தெருவுக்குள் வாகனம் வருவதையே நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நகரத்தைக் காப்பாற்ற ஒரு தெருவைக் கைவிட்டார்கள்.

பெருநாள் உடுப்பு எடுக்க அக்குறணை, கல்ஹின்னை, மடவளைப் பக்கமிருந்து குடும்பமாக வானில் வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கைக்குழந்தை, வயதான உம்மா, நோன்புக் களைப்பு. அவர்கள் எங்கோ வானை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து, மண்மேட்டில் ஏறி, குழிக்கு மேல் போட்ட ஒற்றைப் பலகையில் கால்வைத்துக் கடைக்கு வருவார்களா? ஜூன் மாதத் தூறல் வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை நானா எடுத்துப் பார்ப்பார். அதில் பதினொன்றாம் நோன்பின் விற்பனை 78,000 ரூபா. இம்முறை அதே நாள் 11,000. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டுவார். சரக்கெல்லாம் கொழும்பு மொத்தக் கடைகளில் முன்திகதி போட்ட செக் கொடுத்து எடுத்தது. எல்லாச் செக்கும் பெருநாள் முடிந்த கிழமையில் காசாகவேண்டும்.

தெருவின் இரு முனையிலும் கொடி பிடித்து நின்ற பையன்கள் மலைநாட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவனுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும். சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கையில். மற்ற முனையில் நிற்பவனை இவனுக்குத் தெரியாது, நடுவில் தெரு வளைகிறது. போன் பண்ணிக் கேட்டுக் கேட்டுத்தான் கொடியை மாற்றுவான். ரீலோட் காசு அவனுடையது. வாகனக்காரர்கள் திட்டுகிற திட்டெல்லாம் அவனுக்குத்தான். வாகனத்தை முற்றாக நிறுத்திய பிறகும் அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அஸருக்குப் பிறகு பள்ளியிலிருந்து கஞ்சி வரும்போது நானா ஒரு வாளியை அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பார். "எங்கட வயித்தில அடிக்கிறவனுக்குக் கஞ்சியா?" என்று பக்கத்துக் கடை ஹாஜியார் ஒரு நாள் கேட்டார். "குழி தோண்டச் சொன்னது இந்தப் பொடியனா ஹாஜியார்?" என்றார் நானா.

அந்தப் பையனிடம்தான் நான் முதலில் விசாரித்தேன். "குழாய் எப்பய்யா வரும்?" அவனுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியாது. கொந்தராத்துக்காரரின் ஆளுக்கு, "இஞ்சினியர் மஹத்தயாவிடம் கேளுங்கள்" என்று சொல்ல மட்டும் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நோன்பன்று தராவீஹ் முடிந்தபின் எங்கள் கடைக்குள் ஒரு கூட்டம் நடந்தது. முஸ்லிம் கடைக்காரர்கள் ஒன்பது பேர், எதிரில் நகைக்கடை வைத்திருக்கும் தமிழர், மருந்துக்கடைச் சிங்களவர், சப்பாத்துக் கடைக்காரர் ஒருவர். மனு எழுதுவதென்று முடிவாயிற்று. எழுதும் வேலை மாஸ்டருக்கு, அதாவது எனக்கு. சிங்களத்திலும் தமிழிலும் எழுதத் தொடங்கினேன். முதல் வசனத்திலேயே நின்றுவிட்டோம். "நோன்புப் பெருநாள் வியாபாரம்" என்று எழுதுவதா, வெறுமனே "பண்டிகைக் கால வியாபாரம்" என்று எழுதுவதா?

வாசகர்களுக்கு அந்தக் காலம் மறந்திருக்காது. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கல்லெறி விழுகிறது, தீ வைக்கிறார்கள் என்ற செய்திகள் வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. "நோன்பு என்டு போட்டா, இவங்களுக்கு மட்டும் சலுகை கேக்குறாங்க என்டு கத தொடங்கும்" என்றார் ஹாஜியார். வேலையை இவ்வளவு அவசரமாகத் தொடங்கியதற்குக் காரணம் ஜூலைக் கடைசியில் வரவிருந்த பெரஹர என்பதும் எங்கள் காதில் விழுந்திருந்தது. எங்கள் தெருவால் பெரஹர போவதில்லை. ஆனால் பெரிய வீதிகளை மூடும்போது வாகனங்களைத் திருப்பி விடுவது எங்கள் தெருவால்தான். அதற்குள் வேலை முடிந்தாகவேண்டும். பெரஹரவுக்கு எதிராகப் பெருநாளைக் கொண்டுவந்து நிறுத்துவதுபோல மனு அமைந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் அதைத் தீர்த்து வைத்தார். "நோன்பென்றே எழுதுங்கள் மாஸ்டர். எழுதாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் சிங்களத்தில். அவரே முதல் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த நாள் நானும் அவரும் சப்பாத்துக் கடைக்காரரும் போனோம். தெரு முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டில்தான் அலுவலகம். பொறியியலாளருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சப்பாத்து முழுக்கச் சேறு. சண்டை பிடிக்கத் தயாராகத்தான் நான் போயிருந்தேன். அவர் மனுவை இரண்டு முறை வாசித்தார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரை நிமிர்ந்து பார்த்தார். அதில் போயா நாட்கள் அச்சிலேயே மஞ்சளாக இருந்தன. பெரஹர தொடங்கும் நாளைச் சிவப்புப் பேனையால் அவர் தாமே வட்டமிட்டிருந்தார். ஜூன் மாத இறுதியில் பெருநாள் என்ற ஒரு சொல் சின்ன எழுத்தில் கிடந்தது. அதற்கு முந்திய முப்பது நாளும் வெறும் கட்டங்கள்.

"நோன்பு ஓகஸ்டில் அல்லவா?" என்று கேட்டார். 2011இல் வேறோர் ஊரில் வேலை செய்தபோது அப்படித்தான் இருந்ததாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சந்திரக் கணக்கில் எங்கள் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும் என்று பலகையில்லாத அந்தக் கொட்டிலில் ஒரு பாடம் நடத்தினேன். "இஸ்கோல மஹத்தயா, இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். உண்மைதான். வேலை தொடங்குமுன் அறிவித்தல்களை உரிய கந்தோர்களுக்கெல்லாம் அவர்கள் அனுப்பியிருந்தார்கள். தெருவுக்கு அனுப்பவில்லை. நாங்களும் எங்கள் மாதம் எப்போது வருகிறதென்று எந்தக் கந்தோருக்கும் ஒருநாளும் எழுதியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் பேசிய அரை மணி நேரம் எனக்குக் கலாசாலையில் கிடைக்காத படிப்பு. ஒரு நகரத் தெருவைத் தோண்டுவதில் கஷ்டமானது தோண்டுவதல்ல, கீழே என்ன இருக்கிறதென்று தெரியாததுதான் என்றார். வரைபடத்தில் குழாய் ஓர் இடத்தில் இருக்கும், மண்ணுக்குள் வேறோர் இடத்தில் இருக்கும். இரண்டாம் நாளே படத்தில் இல்லாத பழைய இரும்புக் குழாய் ஒன்றும் தொலைபேசிக் கம்பிக் கட்டு ஒன்றும் குறுக்கே வந்திருக்கின்றன. கம்பிக்கு உரியவர்கள் வந்து அதை நகர்த்தும் வரைக்கும் அந்த இருபது மீற்றரில் கைவைக்க முடியாது. வீதி ஒருவருடைய பொறுப்பு, தண்ணீர் இன்னொருவருடையது, கம்பி மற்றவருடையது. ஒரே தெரு, நான்கு கந்தோர்.

"இருபது மீற்றருக்கு ஏன் நூற்றைம்பது மீற்றரைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெக்கோவுக்கு நாள் வாடகை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினால் ஒரு மாதத்துக்கு வாடகை கட்டவேண்டும். ஒரேயடியாகத் தோண்டினால் நான்கு நாள். கொந்தராத்துக்காரர் மிச்சம் பிடித்திருக்கிறார். எனக்குத் தெருவின் கதை முழுவதும் அந்த இடத்தில்தான் விளங்கிற்று. அந்த மிச்சத்தை எங்கள் தெரு கட்டிக்கொண்டிருந்தது.

இதைத் திரும்பி வந்து சொன்னபோது நானா சொன்னது: "கடைக்கு நான் வாடகை கட்டுறன். மேசை போட்டு யாவாரம் பண்றவனும் எதையோ கட்டுறான். கடைக்கு முன்னுக்கு ஈக்கிற குழிக்கு மட்டும் யாரும் வாடகை கட்டல்லயே தம்பி."

நானா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் சொன்ன அதே யோசனையை லண்டன் நகரத்தார் 2012இல் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் வாசித்துத்தான் தெரியவந்தது. அங்கே நெரிசல் மிகுந்த வீதிகளில், நெரிசல் மிகுந்த நேரத்தில் யாராவது தோண்டி ஒரு பக்கத்தை அடைத்தால், அடைத்த இடத்துக்கு நாள் வாடகை கட்டவேண்டும். மிக நெரிசலான இடத்தில் ஒரு நாளைக்கு 2,500 பவுண் வரைக்கும் அப்போது விதித்தார்கள். அதே இடத்தில் இரவில், சனமில்லாத நேரத்தில் வேலை செய்தால் வாடகை இல்லை. பெக்கோவின் வாடகையைப் போலவே தெருவின் வாடகையும் கணக்கில் ஏறியதும் கொந்தராத்துக்காரரின் புத்தி தானாகவே இரவுப் பக்கம் திரும்பும். அவர்களுடைய 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு வீதியைப் பெரிதாகப் புதுப்பித்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு அதைத் தோண்டாமல் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் வீதிக்குப் பொறுப்பானவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. கார்ப்பட் போட்ட அடுத்த மாதமே கொத்து விழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கதைபோல இருக்கும்.

பதினைந்தாம் நோன்பிலிருந்து வேலையின் போக்கு மாறியது. தடைப்பட்டிருந்த இருபது மீற்றரைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குழாயை இறக்கி மூட முதலில் ஆளைப் போட்டார்கள். இரவு பத்து மணிக்குத் தராவீஹ் கூட்டம் கலைந்த பிறகு தொடங்கி, விடிய ஐந்து மணிக்கு நிறுத்துவார்கள். ஒரே இரவில் மூடக்கூடிய நீளத்தை மட்டுமே திறக்கலாம் என்று பொறியியலாளர் கட்டளையிட்டிருந்தார். மூடி முடியாத இடத்தில் பகலில் தடித்த இரும்புத் தகடு போட்டார்கள். வாகனம் அதன்மேல் ஏறும்போது கடையே அதிரும். ஆனாலும் வாகனம் வந்தது. ஒவ்வொரு கடைக்கும் கைபிடி வைத்த பலகைப் பாலம் கிடைத்தது. தெருவின் இரு முனையிலும் மூன்று மொழியிலும் பலகை வைத்து, முடியும் திகதியையும் எழுதினார்கள். அந்தத் திகதியைப் பார்த்த பிறகுதான் சனத்தின் முகத்தில் கோபம் குறைந்ததைக் கண்டேன். எவ்வளவு காலம் என்று தெரிந்த கஷ்டம் வேறு, தெரியாத கஷ்டம் வேறு.

மூடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மிதித்துவிட்டால் இரண்டு மழைக்கு அந்த இடம் பள்ளமாகும். அரை அடிக்கு ஓர் அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடித்து இறுக்கவேண்டும். நோன்புக்கு ஸஹர் வைத்துவிட்டு நானும் சில நாள் போய் நின்று பார்த்திருக்கிறேன். ஜப்பானில் ஃபுகுஒகா நகரத்தில் 2016 நவம்பர் 8ஆம் திகதி ஹகாத்தா புகையிரத நிலையத்துக்கு முன்னால் சுரங்கப் பாதை வேலையினால் பெருவீதி ஒன்று அப்படியே உள்ளே விழுந்தது. முப்பது மீற்றர் அளவு அகலம், பதினைந்து மீற்றர் ஆழம். சீமெந்து கலந்த குழம்பு மண்ணை ஊற்றி நிரப்பி, அறுந்த குழாய், கம்பி எல்லாவற்றையும் திருத்தி ஒரு கிழமையில் வீதியைத் திறந்துவிட்டார்கள். உலகமே வியந்தது. அந்த வீதிகூட அதே மாதக் கடைசியில் சில சென்ரிமீற்றர் தாழ்ந்தது, மறுபடி கொஞ்ச நேரம் மூடிப் பார்த்தார்கள். ஆனால் எனக்கு அந்தச் செய்தியில் பெரிதாகப் பட்டது வேகமல்ல. தண்ணீர், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி என்று அத்தனை கந்தோரும் ஒரே குழியின் கரையில் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார்கள். எங்கள் இருபது மீற்றருக்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. கம்பியை நகர்த்த ஆள் வந்தது இருபத்துமூன்றாம் நோன்பில்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக்கூடாது. வாகனத்தைத் தெருவுக்குள் விட வந்த பொலிஸ் சார்ஜன், "குழி அடைத்தது பாதித் தெரு. மற்றப் பாதியை அடைத்தது யார்?" என்று கேட்டார். கடை முதலாளிமாரின் வான், லொறி, எங்கள் நானாவின் மோட்டார் சைக்கிள், நடைபாதையில் நானா இழுத்து வைத்திருந்த உடுப்பு ஸ்டாண்ட் எல்லாம்தான். பெருநாள் வரைக்கும் சொந்த வாகனம் எதையும் தெருவில் நிறுத்துவதில்லை, சரக்கு இறக்குவது காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் மட்டும் என்று கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். நானா ஸ்டாண்டை உள்ளே எடுக்க இரண்டு நாள் எடுத்தார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சின்ன வயதில் ஓதியதை நான் ஞாபகப்படுத்தியபோது, "அது முள்ளுக்கும் கல்லுக்கும் சொன்னது, ஸ்டாண்டுக்குச் சொன்னதில்ல" என்றார்.

இரவு வேலை எல்லோருக்கும் நல்லதாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நகைக்கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்த வயதான சிங்கள அம்மா மூன்று இரவு நித்திரையில்லாமல் கீழே இறங்கி வந்து அழுதார். அதன் பிறகு கொங்கிரீட் உடைக்கும் வேலையைப் பன்னிரண்டு மணிக்கு முன் முடித்துவிட்டு, சத்தம் குறைந்த வேலையைப் பின்னிரவுக்கு வைத்தார்கள். கொடி பிடித்த பையன்களைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். பகலில் தூங்க அவர்களுக்கு இடமில்லை. தகரக் கொட்டிலின் பின்னால் சாக்கு விரித்துப் படுப்பார்கள். தெருவின் பகலை மீட்டெடுக்க அவர்களுடைய இரவைக் கொடுத்தோம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் இந்தத் தெருவை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன். ஒரு வீதிக்கு நிமிடத்துக்கு 20 வாகனம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழமையாக நிமிடத்துக்கு 25 வாகனம் போகலாம், ஆகவே நெரிசல் இல்லை. பாதியை அடைத்ததும் 15தான் போகமுடிகிறது. ஒரு மணித்தியாலத்தின் பின் எத்தனை வாகனம் தேங்கி நிற்கும்? நிமிடத்துக்கு 5 வீதம் 300. இது எல்லோருக்கும் வந்தது. அடுத்த கேள்வி, தடையை எடுத்துவிட்டோம், வரிசை கரைய எவ்வளவு நேரம் செல்லும்? "உடனே போயிடும் சேர்" என்றார்கள். தடையை எடுத்தாலும் புதிதாக 20 வந்துகொண்டுதானே இருக்கிறது, 25இல் 20 போக 5தான் வரிசையிலிருந்து குறையும், ஆகவே இன்னும் ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் அடைத்தால் இரண்டு மணித்தியாலம் நகரம் நிற்கும். இரவு பதினொரு மணிக்கு நிமிடத்துக்கு 4 வாகனம் வருகிற நேரத்தில் அதே தடையைப் போட்டால் வரிசையே இல்லை. இதைப் பலகையில் எழுதியபோது பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பி, "அப்ப ஏன் சேர் பகல்ல தோண்டுறாங்க?" என்று கேட்டது. பெக்கோ வாடகையைப் பற்றிச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத பதில்.

அந்த ஆண்டு பெரஹர பார்க்க நான் வேண்டுமென்றே போனேன். யானைகளைவிட வீதிகளையே அதிகம் பார்த்தேன். கும்பல் பெரஹர ஐந்து நாள், ரந்தோலி ஐந்து நாள், கடைசியில் பகல் பெரஹர. நகரத்தின் நடுவை இவ்வளவு நாள் மூடித் திறக்கிறார்கள். எந்த வீதி எத்தனை மணிக்கு மூடும், பஸ் எங்கே நிற்கும், எந்தப் பக்கத்தால் சுற்றிப் போகலாம் என்பது முன்கூட்டியே வானொலியிலும் பத்திரிகையிலும் வந்துவிடுகிறது. வீதி மூடுவதைப் பற்றி இந்த நகரத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு குழாய்க் குழிக்கும் அந்த அறிவில் நூறில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும்.

நானாவின் கணக்குக்கு வருகிறேன். கடைசிப் பத்தில் சனம் வந்தது. இருபத்தேழாம் இரவுக்குப் பிறகு நானும் துணி விற்க இறக்கப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெருநாள் இரவு இரண்டு மணிக்குக் கதவைப் போட்டபோது முந்திய ஆண்டு விற்பனையில் அரைவாசிக்குச் சற்று மேல் வந்திருந்தது. செக்குகளுக்கு அது போதாது. நான் பாடசாலை மூலம் இடர் கடனுக்கு விண்ணப்பித்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அது என் சேமிப்பு என்றே சொன்னேன். அரசாங்கக் கடனில் வட்டி உண்டு என்பது இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்குத் தெரியும். தெரிந்தால் நானா வாங்கியிருக்கமாட்டார். இதை வாசித்தால் இப்போது தெரிந்துகொள்வார். அல்லாஹ் எங்கள் இருவரையும் மன்னிக்கட்டும்.

அடுத்த ஆண்டு நோன்புக்கு முன்பே அவர் கடையைக் கைவிட்டார். எல்லாப் பழியையும் குழியின் மேல் போடமுடியாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்த பிறகு ஊர்ச் சனம் நகரத்துக்கு வரப் பயந்த கிழமைகளும் அதில் சேரும். ஆனால் அதைத் தாங்குவதற்கு முந்திய நோன்பின் காசு கையில் இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. இப்போது ஒரு பழைய வானில் உடுப்பு ஏற்றிக்கொண்டு வாரச் சந்தைகளுக்குப் போகிறார். வீதி மூடியிருந்தால் வேறு சந்தைக்குத் திருப்பிவிடலாம் என்று சிரிப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் ஹிஜ்ரி கலண்டர் கைக்கு வந்ததும் நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். வரும் மூன்று ஆண்டுகளுக்கு நோன்பு எந்தத் திகதியளவில் தொடங்கும், கடைசிப் பத்து எது, இரண்டு பெருநாளும் எப்போது, பிறை பார்ப்பதால் ஒரு நாள் முன்பின்னாகலாம் என்று மூன்று மொழியிலும் ஒரு தாளில் அடித்து, நகரத்தில் வீதியைத் தோண்ட அதிகாரமுள்ள எல்லாக் கந்தோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவேன். ஒருமுறை ஓர் இடத்திலிருந்து கிடைத்ததாகப் பதில் வந்தது. சென்றமுறை அனுப்புமுன் நானாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"தீவாளியப் போடல்லயா?" என்றார்.

"ஏன் நானா?"

"எதிர்க்கட நகக்கடக்காரருக்கு அதுதானே சீசன். மருந்துக்கடக்காரரிட்டயும் கேட்டுட்டு அனுப்பு."